ஆர்டர் குறையும்போது: திருப்பூரில் தொழில், வேலை, வீட்டுக் கடன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கூலிக்குப் பனியன் தைத்துக் கொடுக்கும் பவர்டேபிள் யூனிட்டுகளுக்கும் சின்ன எக்ஸ்போர்ட் கம்பெனிகளுக்கும் கணக்கு எழுதுவது என் வேலை. ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போட பில்களைக் கொண்டு வருபவர்கள் கொடுத்தவுடன் கிளம்புவதில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு "அண்ணா, ஒரு சந்தேகம்" என்று ஆரம்பிப்பார்கள். 2008 கடைசியிலும், 2020-லும், 2025-ல் அமெரிக்கா வரியை ஏற்றியபோதும் வந்த சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் கேட்டவர்கள் பேச்சிலேயே கேள்விகளை எழுதிவைத்துவிட்டேன். நோட்டீஸ் ஏற்கனவே கையில் இருந்தால் இதைப் படித்துக்கொண்டிருக்காமல் வக்கீலைப் பாருங்கள்.

மந்தம் மந்தம்னு சொல்றாங்களே, அப்படின்னா என்னங்க?

நாட்டின் மொத்த உற்பத்தி தொடர்ந்து இரண்டு காலாண்டு சுருங்கினால் அதை மந்தம் என்று சொல்வது வழக்கம். இந்தியாவில் 2020 ஏப்ரல்-ஜூன் காலாண்டில் முதல் மதிப்பீட்டின்படி 23.9 சதவீதம் சுருங்கியது. அடுத்த காலாண்டில் 7.5 சதவீதம். அமெரிக்காவில் இந்தக் கணக்கு இல்லை, பொருளாதார அறிஞர்கள் குழு ஒன்று பல விஷயங்களைப் பார்த்துத் தேதி குறிக்கும். 2007 டிசம்பரில் தொடங்கிய மந்தத்தை அவர்கள் அறிவித்தது 2008 டிசம்பரில். ஒரு வருடம் கழித்து!

அதனால் அறிவிப்புக்காகக் காத்திருப்பதில் பிரயோஜனம் இல்லை. நம் ஊரில் முதல் அறிகுறி, ஒன்றரை ஷிப்ட் ஓடிய கம்பெனி ஒரு ஷிப்டுக்கு வருவது. இரண்டாவது, "இந்த சனிக்கிழமை பாதி வாங்கிக்கங்க, மீதி அடுத்த வாரம்" என்ற பேச்சு. மந்தத்தில் பணம் குறைவதற்கு முன்னால் பணம் தாமதமாகும். கீழே வரும் பதில்களில் நாள் கணக்கு அடிக்கடி வருவதற்குக் காரணம் அதுதான்.

அமெரிக்காவுல வீட்டு விலை விழுந்தா, திருப்பூர் பி.என். ரோட்டுல மெஷின் ஏன் நிக்குது?

2008 செப்டம்பர் 15 அன்று லேமன் பிரதர்ஸ் திவாலானது. வேலையில்லாதவர்கள் விகிதம் ஏறிக்கொண்டே போய் 2009 அக்டோபரில் 10 சதவீதத்தைத் தொட்டது. வேலை போனவர் வீட்டு வாடகையை நிறுத்த முடியாது, மளிகையை நிறுத்த முடியாது. பழைய பனியனை இன்னும் ஒரு வருடம் போடலாம். அங்கே எடுக்கும் அந்த முடிவு இங்கே வந்து சேரும்போது பல மடங்காகிவிடுகிறது.

ஒரு கடை மாதம் 100 டி-ஷர்ட் விற்கிறது, மூன்று மாத சரக்கு, அதாவது 300 பீஸ், கையில் வைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விற்பனை 90 ஆகிறது. இனி 270 இருப்பு போதும். கையில் 30 பீஸ் அதிகம். அந்த மாதம் அவர்கள் போடும் ஆர்டர் 90-லிருந்து 30 போக 60 பீஸ். கடையில் 10 சதவீதம் குறைந்தது, எக்ஸ்போர்ட்டருக்கு 40 சதவீதம் குறைந்துவிட்டது. எக்ஸ்போர்ட்டர் முதலில் தன் சொந்த லைனை ஓட்டப் பார்ப்பார், வெளியே கொடுக்கும் ஜாப் ஒர்க்கை நிறுத்துவார். பவர்டேபிள்காரருக்கு நூற்றுக்கு நூறு போய்விடுகிறது. தவறு செய்யாதவர்தான் அதிகம் அடிபடுகிறார் என்ற புலம்பலில் நியாயம் இருக்கிறது.

2025-ல வந்ததும் அதே மாதிரிதானா?

இல்லை. 2008-ல் வாங்குபவர் கையில் காசில்லை. 2025-ல் காசு இருந்தது, விலைதான் மாறியது. ஆகஸ்ட் 7-ல் 25 சதவீதம், ஆகஸ்ட் 27-லிருந்து இன்னொரு 25 என்று மொத்தம் 50 சதவீதக் கூடுதல் வரி. ஓடிக்கொண்டிருந்த ஆர்டருக்கே பையர்கள் தள்ளுபடி கேட்டார்கள். அமெரிக்கா மட்டுமே செய்தவர்கள் தடுமாறினார்கள், ஐரோப்பா ஆர்டரோ உள்நாட்டு வியாபாரமோ வைத்திருந்தவர்கள் ஓரளவு தப்பினார்கள்.

2011 ஜனவரியில் நொய்யல் மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதே, அது வேறு ரகம். ஆர்டர் இருந்தது, சாயம் போட இடமில்லை. எது நின்றது என்று பார்த்துவிட்டுத்தான் மருந்து தேட வேண்டும். வாங்குபவர் இல்லையா, விலை ஒத்துவரவில்லையா, செய்ய முடியவில்லையா, செய்ததற்குப் பணம் வரவில்லையா? எல்லாவற்றுக்கும் "டல்" என்ற ஒரே வார்த்தையைச் சொல்லிப் பழகிவிட்டோம்.

கணக்குல லாபம் காட்டறீங்க, கையில காசே இல்லையேண்ணா?

எனக்கு அதிகம் திட்டு வாங்கித் தந்த கேள்வி இது. பில் போட்ட அன்றே கணக்கில் வருமானம் ஏறிவிடுகிறது. பணம் எப்போது வருகிறது என்று லாப நஷ்டக் கணக்கு பார்ப்பதில்லை. 30 நாளில் வந்துகொண்டிருந்த பணம் 90 நாளில் வர ஆரம்பித்தால், லாபம் அப்படியே இருக்கும், சம்பளம் கொடுக்கத்தான் காசு இருக்காது. மாதம் 5 லட்சம் பில் போடுபவர் அந்த 60 நாள் தாமதத்துக்கு 10 லட்சம் கூடுதலாகப் புரட்ட வேண்டும்.

மேலே ஜி.எஸ்.டி. வேறு. பார்ட்டி பணம் கொடுக்காவிட்டாலும் பில்லுக்கான வரியை அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் நீங்கள் கட்டியாக வேண்டும். வாங்கியவர் அந்த வரியைத் தன் கணக்கில் கழித்தும் விடுவார். 180 நாளுக்குள் உங்களுக்குப் பணம் தராவிட்டால் கழித்ததை அவர் திருப்பிக் கட்ட வேண்டும் என்று விதி உண்டு. இதை வசூல் பேச்சில் எடுத்துவிடுங்கள், பலருக்குத் தெரியாது.

சரி, வரவேண்டிய பணத்தை எப்படித்தான் வாங்குறது?

உத்யம் என்ற மத்திய அரசுப் பதிவைச் செய்த குறு, சிறு நிறுவனத்துக்கு 2006-ஆம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ. சட்டம் துணை நிற்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது, ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. புகாரை ஆன்லைனில் போட்டால், இந்தப் பாக்கித் தகராறுகளை விசாரிக்கும் மாநில வசதிக் குழுமத்துக்குப் போகும். சரக்கு கொடுப்பதற்கு முன்பே பதிவு இருக்க வேண்டும், இது முக்கியம்.

ஆனால் புகார் போட்டால் அந்தப் பார்ட்டி போய்விடும் என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது. குறை சொல்ல மாட்டேன். எனக்கே ஒரு கம்பெனி எட்டு மாதம் கணக்கு எழுதிய கூலியைத் தரவில்லை, நானும் புகார் போடவில்லை. பயப்படுபவர்களுக்கு என் யோசனை, வருமான வரியில் 43பி(எச்) பிரிவு என்று பேசப்படும் விதி. 2023-24 நிதியாண்டிலிருந்து, குறு, சிறு உற்பத்தியாளருக்கோ ஜாப் ஒர்க்காரருக்கோ மேலே சொன்ன கெடுவுக்குள் தராத தொகையை அந்த வருடச் செலவாகக் காட்ட முடியாது, கொடுத்த வருடத்தில்தான் காட்டலாம். பிப்ரவரி கடைசியில் உத்யம் சான்றிதழோடு பாக்கிப் பட்டியலை அவர்கள் ஆடிட்டருக்கு அனுப்புங்கள். சண்டையில்லாமல் வந்த பணத்தைப் பார்த்திருக்கிறேன்.

செக் திரும்பினால் நாட்களை எண்ணுங்கள். பேங்க் மெமோ வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், அது கிடைத்து 15 நாளில் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார். "அடுத்த வாரம் போடுங்க, பாஸ் ஆயிடும்" என்று சொல்லிச் சொல்லியே கெடு ஓடிவிடும்.

பேங்க்ல 20 லட்சம் சி.சி. இருக்கு, ஆனா எடுக்க முடியலையே?

சி.சி. என்ற கேஷ் கிரெடிட் கடனில் லிமிட் வேறு, எடுக்கக்கூடிய தொகை வேறு. உங்களிடம் உள்ள சரக்கு, வரவேண்டிய பாக்கி இவற்றிலிருந்து நூல்காரருக்குத் தரவேண்டியதைக் கழித்து, அதில் ஒரு பங்கைத்தான் பேங்க் தரும். 90 நாளுக்கு மேற்பட்ட பாக்கியைப் பெரும்பாலான பேங்குகள் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆக, மந்தத்தில் பாக்கி பழசாகப் பழசாக உங்கள் லிமிட்டும் சுருங்கும். குடை விரிக்க வேண்டிய நேரத்தில் குடையைத் திரும்பக் கேட்பது போலத்தான்.

2020 மே மாதம் மத்திய அரசு கொண்டுவந்த அவசரக் கடன் உத்தரவாதத் திட்டம் இந்த ஓட்டையை அடைக்கத்தான். 2020 பிப்ரவரி 29 அன்று இருந்த கடன் பாக்கியில் 20 சதவீதம் கூடுதலாக, புதிய அடமானம் இல்லாமல் தந்தார்கள். அதுவும் கடன்தான், திருப்பிக் கட்ட வேண்டும் என்பதை மறந்து கார் வாங்கியவர்களும் இருக்கிறார்கள்.

ஆளை நிறுத்தறதா, எல்லாருக்கும் வேலையைக் குறைக்கறதா?

இது முதலாளிகள் கேட்பது. மூன்று நான்கு மாதத்தில் ஆர்டர் திரும்பும் என்று நம்பக் காரணம் இருந்தால் ஷிப்டைக் குறைத்து ஆட்களை வைத்துக்கொள்வதே மலிவு. நல்ல ஓவர்லாக் டெய்லரை அனுப்பிவிட்டு மறுபடி பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கே தெரியும். 2020-ல் ரயில் ஏறி ஒடிசாவுக்கும் பீகாருக்கும் போனவர்களைத் திரும்பக் கூட்டிவர முன்பணமும் டிக்கெட்டும் கொடுத்தார்கள்.

நம்பக் காரணம் இல்லையென்றால், பாக்கி வைத்துக்கொண்டே இழுப்பது இரண்டு பக்கத்துக்கும் கெடுதல். மூன்று மாதச் சம்பளப் பாக்கியோடு மூடுபவரைவிட, ஒரு மாத நோட்டீஸ் கொடுத்துக் கணக்கு முடிப்பவர் யோக்கியர்.

எனக்கு வேலை போச்சுன்னா சட்டப்படி என்ன கிடைக்கும்ணா?

தொடர்ந்து ஒரு வருடம் வேலை செய்திருந்தால், அதாவது 12 மாதத்தில் 240 நாள், ஆட்குறைப்பின்போது ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம். கூடவே, முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம். பழைய தொழில் தகராறுச் சட்டத்தில் இருந்த இந்த அளவு, 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்த தொழில் உறவுத் தொகுப்பிலும் தொடர்கிறது. ஆளை நீக்காமல் "வேலை வந்தால் கூப்பிடுகிறோம்" என்று நிறுத்தினால், 50 பேருக்குக் குறையாத ஆலையில் அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படியில் பாதி தர வேண்டும். ஐந்து வருடம் முடித்தவருக்குப் பணிக்கொடை தனி.

இ.எஸ்.ஐ. பிடித்திருந்தால் 2018-ல் தொடங்கிய அடல் பீமித் திட்டத்தைக் கேளுங்கள். வேலை போனவருக்குச் சராசரி தினக்கூலியில் பாதி, அதிகபட்சம் 90 நாள் வரை. திட்டத்தை அவ்வப்போது நீட்டித்து வருகிறார்கள், அதனால் இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் நிலவரம் கேட்டுவிட்டு மனு போடுங்கள். பி.எஃப்.-ல் முக்கால் பங்கை எடுக்க வழி இருக்கிறது. ஆனால் கடைசியில் கை வைக்க வேண்டிய பணம் அது.

நான் கான்ட்ராக்ட்ல பீஸ் ரேட் டெய்லர். இதெல்லாம் எனக்குப் பொருந்துமா?

பீஸ் ரேட் என்பதால் மட்டும் தொழிலாளி இல்லை என்று ஆகிவிடாது. பி.எஃப்., இ.எஸ்.ஐ. பாக்கிக்கு கான்ட்ராக்டர் ஓடிப்போனாலும் கம்பெனிதான் பொறுப்பு. சிக்கல் எங்கே என்றால், நீங்கள் அங்கே வேலை செய்தீர்கள் என்பதற்குத் துண்டுச் சீட்டுகூட இருக்காது. சனிக்கிழமை சம்பளம் ஜிபேயில் வந்தால் அதை அழிக்காதீர்கள். பீஸ் கணக்கு எழுதும் நோட்டைப் போட்டோ எடுத்து வையுங்கள். ஆர்டர் நன்றாக ஓடும்போதே செய்ய வேண்டிய வேலை இது.

ரிசர்வ் பேங்க் வட்டியைக் குறைச்சுட்டாங்கன்னு டிவில சொல்றாங்க. என் இ.எம்.ஐ. குறையலையே?

மந்தம் வந்தால் ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை, அதாவது பேங்குகளுக்குத் தான் கொடுக்கும் கடனின் வட்டியை, இறக்கும். 2008 அக்டோபரில் 9 சதவீதம் இருந்ததை 2009 ஏப்ரலுக்குள் 4.75 ஆக்கினார்கள். 2020 மார்ச்சில் 5.15-லிருந்து 4.40, மே மாதம் 4. இது உங்களுக்கு வந்து சேருமா என்பது எப்போது, எங்கே கடன் வாங்கினீர்கள் என்பதைப் பொறுத்தது. 2019 அக்டோபர் 1-க்குப் பிறகு பேங்கில் மாறும் வட்டியில் வாங்கிய வீட்டுக் கடன் வெளி அளவுகோலோடு கட்டப்பட்டது, பெரும்பாலும் ரெப்போ. மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது வட்டி மாற வேண்டும். அதற்கு முந்திய கடன் பழைய முறையிலேயே கிடந்தால் மெதுவாகத்தான் இறங்கும், சின்னக் கட்டணம் கட்டி மாற்றிக்கொள்ளலாம். ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனிகளுக்கு இந்த விதி கட்டாயம் இல்லை.

இன்னொன்று, வட்டி இறங்கியிருக்கும், இ.எம்.ஐ. அப்படியே இருக்கும், தவணைகளின் எண்ணிக்கை குறைந்திருக்கும். ஸ்டேட்மென்டில் அந்த வரியைப் பாருங்கள். கையில் காசு தேவைப்படும் காலத்தில் இ.எம்.ஐ.யைக் குறைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.

மூணு வருசம் ஒழுங்கா கட்டியும் அசல் குறையவே இல்லையே, ஏமாத்தறாங்களா?

ஏமாற்றவில்லை, ஆனால் சொல்லவும் இல்லை. 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ 4-லிருந்து 6.5 ஆனது. 7 சதவீதத்தில் 20 வருடத்துக்கு 30 லட்சம் வாங்கியவரின் இ.எம்.ஐ. சுமார் 23,260 ரூபாய். வட்டி 9.5 ஆனதும் 30 லட்சத்துக்கு ஒரு மாத வட்டி மட்டும் 23,750. கட்டும் பணம் வட்டிக்கே பத்தவில்லை! இ.எம்.ஐ.யைத் தொடாமல் தவணையை மட்டும் நீட்டினால் இப்படித்தான் ஆகும். 20 வருடத்திலேயே முடிக்க 27,960 கட்ட வேண்டும்.

இந்தப் புகார்கள் குவிந்த பிறகுதான் 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி, வட்டி மாறும்போது இ.எம்.ஐ.யைக் கூட்டுவதா, தவணையை நீட்டுவதா, இரண்டுமா என்று கடன் வாங்கியவரையே கேட்க வேண்டும் என்றது. தனிநபரின் மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் கிடையாது. நல்ல வருடத்தில் போனஸ் வந்தால் 50,000 ரூபாயாவது அசலில் போடுங்கள்.

2020-ல ஆறு மாசம் கட்ட வேண்டாம்னாங்களே, அது லாபமா நஷ்டமா?

மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிப்போட அனுமதித்தார்கள், வட்டியைத் தள்ளுபடி செய்யவில்லை. 8 சதவீதத்தில் அப்போதுதான் 30 லட்சம் வாங்கியவர் ஆறு மாதம் நிறுத்திவிட்டு அதே இ.எம்.ஐ.யைத் தொடர்ந்தால், 240 தவணை சுமார் 266 ஆகும். ஆறு மாத ஓய்வுக்கு 26 தவணை கூடுதல். வட்டிக்கு வட்டி மட்டும் வேண்டாம் என்று உச்ச நீதிமன்ற வழக்குக்குப் பிறகு திருப்பித் தந்தார்கள், அது சில ஆயிரம்தான்.

சம்பளமே இல்லாதவருக்கு அது உயிர் காத்தது, மறுக்கவில்லை. சம்பளம் வந்துகொண்டிருந்தும் "எல்லோரும் எடுக்கிறார்கள்" என்று எடுத்தவர்கள் வீணாக இழந்தார்கள்.

வாடகையை நம்பி லோன் போட்டு லைன் வீடு கட்டினேன். பாதி காலியா கிடக்குது.

திருப்பூரில் வீட்டுக்காரருக்கு மந்தம் வரும் வழியே இதுதான். எட்டு லைன் வீட்டில் எட்டும் ஒரே கம்பெனி ஆட்கள். அந்தக் கம்பெனி ஷிப்டைக் குறைத்தால் மூன்று குடும்பம் ஊருக்குக் கிளம்பிவிடும். ஆர்டர் குறைவதும் வாடகை குறைவதும் ஒரே மாதத்தில் நடக்கும். உங்கள் மகனும் அதே பனியன் கம்பெனி வேலை என்றால் மூன்றும் சேர்ந்து வரும்.

வாடகையைப் பிடிவாதமாக இறக்காமல் காலியாக வைப்பதைவிட 500 ரூபாய் குறைத்து ஆளை இருக்கவைப்பது மேல். ஒரு வீடு இரண்டு மாதம் காலியாக இருந்தால் அந்த 500 ரூபாயின் ஒரு வருடக் கணக்கு போய்விடும். அடுத்து கட்டுபவர்களுக்கு: எட்டில் ஐந்து வீட்டு வாடகையில் இ.எம்.ஐ. அடையுமா என்று பார்த்து லோன் போடுங்கள். எட்டும் நிறைந்தால்தான் அடையும் என்றால் கட்டாதீர்கள்.

மந்தத்துல வீட்டு விலை இறங்குமா? இப்ப வாங்கலாமா?

அமெரிக்காவில் 2006-க்குப் பிறகு கால்வாசிக்கு மேல் இறங்கியது. இங்கே அப்படி இறங்குவது அபூர்வம், அதற்குப் பதில் கிரயம் நின்றுவிடும். விற்பவர் சென்ட் விலையைக் குறைக்க மாட்டார், வாங்குபவர் வர மாட்டார். அவசரத்துக்கு விற்பவர் மட்டும் குறைத்துக் கொடுப்பார். "விலை இறங்கவில்லை" என்பதை "விற்றால் அந்தக் காசு கிடைக்கும்" என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ரெண்டு தவணை விட்டுப்போச்சு. வீட்டை எடுத்துக்குவாங்களா?

உடனே முடியாது. கெடு தாண்டி 30, 60, 90 நாள் என்று மூன்று கட்டமாகக் கணக்கை எச்சரிக்கைப் பட்டியலில் வைப்பார்கள். 90 நாளைத் தாண்டினால் வாராக் கடன். அதன் பிறகு, கோர்ட்டுக்குப் போகாமலே பேங்க் அடமானத்தை எடுக்க வழிசெய்யும் சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ். அதற்கு எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தால் 15 நாளுக்குள் பேங்க் பதில் சொல்ல வேண்டும். பிறகு வீட்டைக் கையகப்படுத்தும் நோட்டீஸ் ஒட்டுவார்கள். அதை எதிர்த்து 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயம் போகலாம், நமக்கு கோயம்புத்தூரில். ஏலத்துக்கு 30 நாள் முன் அறிவிப்பு. பாக்கி முழுவதையும் கட்டி வீட்டை மீட்கும் உரிமை ஏல அறிவிப்பு வெளியாகும் வரைதான், ஏல நாள் வரை இருப்பதாக நினைத்து ஏமாறாதீர்கள்.

இவ்வளவு நாட்கள் இருந்தும் வீடு போவதற்குக் காரணம், முதல் 90 நாள் போனை எடுக்காமல் இருப்பது. அந்த 90 நாளுக்குள் போய் "மூன்று மாதம் பாதி கட்டுகிறேன், தவணையை மாற்றித் தாருங்கள்" என்று கேட்டால் மேனேஜர் கையில் வழி இருக்கும், வாராக் கடன் ஆனபின் அவரே நினைத்தாலும் கடினம். வசூல் ஏஜென்ட்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் கூப்பிடக் கூடாது. மீறினால் நேரத்தைக் குறித்து பேங்குக்கு எழுதுங்கள்.

வீட்டையே எடுத்துட்டாங்கன்னா கடன் தீர்ந்துருமில்லீங்க?

தீராது. அமெரிக்காவின் சில மாநிலங்களில் சாவியைக் கொடுத்துவிட்டு நடக்கலாம். இங்கே ஏலத்தில் வந்தது போக மீதியை உங்களிடம் கேட்பார்கள். கடனைவிட அதிகம் வந்தால் மிச்சம் உங்களுக்குத் தர வேண்டும். அதனால் ஏலம் வரை விடாமல், பேங்க் சம்மதத்தோடு நீங்களே ஆள் பார்த்து விற்றால் பெரும்பாலும் நல்ல விலை கிடைக்கும்.

தொழில் கடனும் வீட்டுக் கடனும் ஒரே பேங்க்ல இருக்கு. வீட்டுக் கடனை ஒழுங்கா கட்டறேன், அதுக்கு ஒண்ணும் ஆகாதில்ல?

ஆகும். வாராக் கடன் முத்திரை ஒவ்வொரு கணக்குக்கும் தனியாக விழுவதில்லை, கடன் வாங்கியவருக்கு விழுகிறது. தனி உரிமையாளர் கம்பெனி என்றால் கம்பெனியும் நீங்களும் சட்டத்தில் ஒரே ஆள். சி.சி. 90 நாள் ஒழுங்கு தவறினால், ஒரு தவணைகூட விடாத வீட்டுக் கடனும் அதே பட்டியலில் சேரும்.

தொழில் கடன் தள்ளாடும்போது கேட்க வேண்டியது எம்.எஸ்.எம்.இ. மறுவாழ்வுத் திட்டம். 25 கோடி வரை கடனுள்ள சிறு நிறுவனம் சிக்கலில் இருக்கிறது என்று தெரிந்தால், வாராக் கடன் ஆக்கும் முன் பேங்க் ஒரு குழுவுக்கு அனுப்பி வழி பார்க்க வேண்டும் என்பது 2016-லிருந்து உள்ள விதி. இது பேங்குகளைக் கட்டுப்படுத்தும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே தீர்ப்பில், நிறுவனமும் உரிய நேரத்தில் ஆதாரங்களோடு கேட்க வேண்டும், எல்லாம் முடிந்த பிறகு வந்து கேட்கக் கூடாது என்றும் சொன்னது. இங்கேயும் மேலே சொன்ன 90 நாள்தான்.

மச்சானுக்கு கேரண்டி கையெழுத்து போட்டேன். முதல்ல அவரைத்தானே கேக்கணும்?

கட்டாயமில்லை. கேரண்டி போட்டவர் பொறுப்பும் கடன் வாங்கியவர் பொறுப்பும் சமம், பேங்க் நேராக உங்களிடமே வரலாம். உங்கள் சிபில் கடன் பதிவிலும் ஏறும். இதைச் சொன்னதும் "அரசு கேரண்டி இருக்கிறதே" என்பார்கள். அடமானமில்லாக் கடனுக்கான அந்த உத்தரவாத நிதி பேங்கின் நஷ்டத்தைத் தாங்குவதற்கு. கடன் வாங்கியவரின் கடன் அப்படியேதான் இருக்கும்.

எதைக் கட்டறது, எதை விடறதுன்னு தெரியலையே?

என் வரிசை இது: வீட்டுச் சாப்பாடு, பிள்ளைகள் படிப்பு, ஆட்கள் சம்பளம், வீட்டு இ.எம்.ஐ., ஜி.எஸ்.டி., அப்புறம் நூல்காரர். நூல்காரரிடம் நேரில் போய்ப் பேசினால் ஒரு மாதம் கிடைக்கும், வரித்துறையிடம் கிடைக்காது. கிரெடிட் கார்டில் எடுத்து இ.எம்.ஐ. கட்டாதீர்கள், 9 சதவீதக் கடனை 40 சதவீதக் கடனாக மாற்றுகிறீர்கள். அவசரத்துக்கு நகைக் கடன் அதைவிட நல்லது. மீட்டர் வட்டி, கந்து வட்டி பக்கம் போகவே வேண்டாம். தமிழ்நாட்டில் 2003-லிருந்து அதற்குத் தடைச் சட்டம் இருக்கிறது, ஆனால் புகார் கொடுக்கும் தைரியம் வருவதற்குள் கடை கை மாறியிருக்கும்.

ஆர்டர் திரும்ப வந்துருச்சுண்ணா! பத்து மெஷின் போடலாமா?

மந்தத்தில் தாக்குப்பிடித்துவிட்டு, ஆர்டர் வந்தபின் மூடிய யூனிட்டுகளை நான் பார்த்திருக்கிறேன். காரணம் நாலாவது கேள்வியில் சொன்னதுதான், தலைகீழாக. ஆர்டர் இரட்டிப்பானால் நூல், சாயம், கூலி இந்த வாரமே இரட்டிப்பாகும், பணம் 60 நாள் கழித்து வரும். சி.சி. லிமிட்டோ பழைய குறைந்த விற்பனையை வைத்துப் போட்டது. சேமிப்பும் ஏற்கனவே கரைந்திருக்கும். அந்த நேரத்தில் இருக்கும் காசையும் மெஷினில் போட்டால் முதல் சனிக்கிழமையே சிக்கல்.

முதலில் வாடகைக்கு மெஷின் எடுங்கள், அல்லது பக்கத்து யூனிட்டுக்கு ஜாப் ஒர்க் கொடுங்கள். இரண்டு ஷிப்மென்ட் பணம் வங்கிக் கணக்கில் வந்து விழட்டும். வந்ததும் பில்களை எடுத்துக்கொண்டு வாருங்கள், மெஷின் லோனுக்கு எத்தனை தவணை தாங்கும் என்று உட்கார்ந்து போட்டுப் பார்ப்போம்.